ஃபில்த்தி ஃபிராங்க் முதல் ஜோஜி வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘கிளிம்ப்ஸ் ஆஃப் அஸ்’ பாட்டைக் கேட்டு உருகிப்போய், பாடியவர் யார் என்று தேடிப் பார்த்தவர்கள் பலர், பிங்க் நிற உடையில் தரையில் புரண்டு கத்தும் ஒருவனின் காணொளியில் போய் விழித்திருக்கிறார்கள். அப்படி விழித்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஃபில்த்தி ஃபிராங்க், பிங்க் கய், ஜோஜி மூவரும் ஒரே ஆள்தானா?

ஒரே ஆள்தான். பெயர் ஜார்ஜ் மில்லர். ஃபில்த்தி ஃபிராங்க்கும் பிங்க் கய்யும் அவர் யூடியூபில் நடித்த பாத்திரங்கள். ஜோஜி என்பது அவர் பாடகராக வைத்துக்கொண்ட பெயர்.

எந்த ஊர்க்காரர்?

ஜப்பானின் ஒசாகாவில் 1992இல் பிறந்தவர். கோபே நகரில் இருக்கும் கனேடியன் அகாடமி என்ற சர்வதேசப் பள்ளியில் படித்தார். பிறகு அமெரிக்கா போய் நியூயார்க்கில் குடியேறினார். ஜப்பானியப் பேச்சு, ஆங்கிலப் பேச்சு இரண்டும் அவருக்குச் சரளம். அவருடைய நகைச்சுவையில் பாதி, இந்த இரண்டு உலகங்களும் ஒன்றையொன்று தப்பாகப் புரிந்துகொள்வதிலிருந்து வந்ததுதான்.

முதலில் நகைச்சுவை செய்தாரா, பாட்டுக்கு வந்தாரா?

பாட்டுதான் முதலில். பலரும் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ‘யூடியூப் கோமாளி ஒருவர் திடீரென்று பாடகர் ஆகிவிட்டார்’ என்று எழுதும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குச் சலிப்பு வரும். அவருடைய முதல் பெரிய சேனலின் பெயரே ‘டிசாஸ்டா மியூசிக்’. சாதாரணமான இசை செய்வதுதான் நோக்கமாக இருந்தது, அதற்கு ஆள் சேர்க்கத்தான் சேனல் தொடங்கினேன், பாத்திரங்கள் எதிர்பாராமல் பெரிதாகிவிட்டன என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

கடைக்கு ஆள் வர வாசலில் ஒரு பொம்மையை நிறுத்திவைத்தார். கூட்டம் பொம்மையைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் வராமலே போனது. அவருடைய முதல் ஆறேழு வருட யூடியூப் வாழ்க்கை இதுதான்.

ஃபில்த்தி ஃபிராங்க் நிகழ்ச்சியில் என்னதான் நடக்கும்?

2011இல் அறிமுகமான பாத்திரம் அது. கண்ணாடி போட்ட, கரகரத்த குரலில் கத்தும் ஒரு அருவருப்பான ஆள், கேமராவைப் பார்த்து எதையாவது திட்டிக்கொண்டிருப்பான். யூடியூபில் அந்தக் காலத்தில் கருத்துச் சொல்பவர்கள் புற்றீசல் போல் கிளம்பியிருந்தார்கள். அவர்களின் கேலிச்சித்திரம்தான் ஃபிராங்க். போகப் போக அவனைச் சுற்றி ஒரு கூட்டமே உருவானது. உடலோடு ஒட்டிய பிங்க் உடையில், புரியாத ஒலிகளை எழுப்பிக்கொண்டு திரியும் பிங்க் கய், பச்சை உடைக்காரனான சாலமாண்டர் மேன், மனிதர்களிடமிருந்து காணிக்கை கேட்கும் சின்-சின் என்ற தீய கடவுள் என்று பலர். வேற்று உலகங்கள், பரிமாணங்கள் என்று அதற்கென ஒரு புராணமே எழுதிவிட்டார்கள். ரசிகர்கள் அதை உட்கார்ந்து தொகுத்தது தனிக் கூத்து.

ஐடப்ஸ், மேக்ஸ்மோஃபோ போன்ற யூடியூபர்களுடன் சேர்ந்து எடுத்த சமையல் காணொளிகளும் உண்டு. அவற்றில் கேக்கில் என்ன போட்டார்கள் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்களும் இருப்பீர்கள்.

பிள்ளைகள் பார்க்கலாமா?

கூடாது.

அதில் இனவெறி, பெண்வெறுப்பு ஜோக்குகள் நிறைய இருக்கின்றனவே? ‘பகடி’ என்று சொன்னால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஒரு மனிதன் எப்படியெல்லாம் இருக்கக் கூடாதோ அதன் மொத்த உருவம்தான் ஃபிராங்க் என்று சேனலின் விளக்கக் குறிப்பில் எழுதிவைத்திருந்தார். இனவெறியும் பெண்வெறுப்பும் அறியாமையும் எவ்வளவு கேவலமானவை என்று காட்டத்தான் அவன் அப்படி மிகையாக நடந்துகொள்கிறான், வெறுப்பான கருத்துகளைச் சொல்லியே சமூக ஊடகத்தில் எவ்வளவு சுலபமாகக் கூட்டம் சேர்க்கலாம் என்பதற்கும் அவன் ஓர் உதாரணம் என்பது அந்தக் குறிப்பின் சாரம். அதன் கடைசி வரியில், ‘இல்லையென்றால் இதெல்லாம் வெறும் மடத்தனமாகவும் இருக்கலாம்’ என்ற பொருளில் ஒரு கெட்ட வார்த்தையோடு தன் காலையே வாரிக்கொண்டிருப்பார்.

அந்தக் கடைசி வரி நேர்மையானது என்பது என் கருத்து. சில காணொளிகளில் கேலி நேராக வெறுப்பாளன் மேல் போய் விழுகிறது. வேறு சிலவற்றில் கேலிக்கு ஆளாகிறவன் யார் என்றே தெரிவதில்லை. அதிர்ச்சி மட்டும்தான் மிச்சம். பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் பகடியைப் புரிந்துகொண்டு சிரித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஃபிராங்க் சொல்வதை உண்மையிலேயே ஒத்துக்கொண்டு சிரித்தார்கள். மைக்கை ஒரு முட்டாள் பாத்திரத்தின் கையில் கொடுக்கும் எந்தக் கலைஞருக்கும் இந்தச் சிக்கல் உண்டு, ஆனால் இணையத்தில் அது பல மடங்காகிறது. காணொளியைத் துண்டு துண்டாக வெட்டிப் பகிரும்போது முதலில் உதிர்வது சூழல்தான். இன்று அதே காணொளிகளைப் புதிதாக ஒருவர் போட்டால் அவருக்கு இவ்வளவு பொறுமை கிடைக்காது. கிடைக்கவும் வேண்டியதில்லை.

2013இல் இணையமெங்கும் பரவிய ‘ஹார்லெம் ஷேக்’ நடனக் காணொளி அலையை உண்மையிலேயே இவர்தான் தொடங்கினாரா?

ஆமாம். 2013 ஜனவரி கடைசியில் வந்த ஒரு ஃபில்த்தி ஃபிராங்க் காணொளியின் ஆரம்பத்தில் அது இருந்தது. ஒரு சிறிய அறை. உடலோடு ஒட்டிய உடைகளில் நான்கு பேர். பாவர் என்ற இசைக்கலைஞர் 2012இல் வெளியிட்ட ‘ஹார்லெம் ஷேக்’ பாட்டுக்கு இடுப்பை ஆட்டுகிறார்கள். கதை, வசனம் எதுவும் கிடையாது. சில நாள்களில் அதைத் தனியாகவும் பதிவேற்றினார்.

உலகமே நகலெடுத்த வடிவம் மட்டும் அவருடையது இல்லை. முதலில் ஹெல்மெட் போட்ட ஒருவன் மட்டும் ஆடுவான், சுற்றி இருப்பவர்கள் கண்டுகொள்ளாமல் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள், தாளம் இறங்கியதும் ஒரே வெட்டில் எல்லோரும் பேயாட்டம் ஆடுவார்கள். இதைக் கொண்டுவந்தவர்கள் ஆஸ்திரேலியாவின் சன்ஷைன் கோஸ்ட் பகுதியைச் சேர்ந்த ஐந்து இளைஞர்கள். அவர்கள் மில்லரின் காணொளியைப் பார்த்துச் செய்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் செய்தார்கள். பிப்ரவரி நடுவில் சுமார் 40,000 காணொளிகள் வந்துவிட்டன. அவற்றுக்கு மொத்தம் 17.5 கோடி பார்வைகள். அலுவலகம், நீச்சல் குளம், ராணுவ முகாம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

நியூயார்க்கின் ஹார்லெம் வட்டாரத்தில் 1980களிலிருந்து அதே பெயரில் ஒரு நடனம் உண்டு. இணையத்தில் வந்த ஆட்டத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த வட்டாரத்துக்காரர்கள் அப்போதே முகம் சுளித்தார்கள்.

அப்படியென்றால் அதில் நிறையச் சம்பாதித்திருப்பாரே?

அந்த அலையில் பெரும்பணம் பாட்டின் உரிமையாளர்களிடம்தான் போனது. யூடியூபில் ‘கன்டென்ட் ஐடி’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. பாட்டின் ஒலியை உரிமையாளர் முன்கூட்டியே பதிந்துவைத்துவிடுவார். யாருடைய காணொளியில் அந்த ஒலி வந்தாலும் அமைப்பு அதைக் கண்டுபிடிக்கும். உரிமையாளர் அந்தக் காணொளியை நீக்கச் சொல்லலாம், அல்லது அப்படியே விட்டு விளம்பர வருமானத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். பாவரின் நிறுவனமான மேட் டீசென்ட் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. ஊரே ஆடட்டும் என்று விட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டது.

நேரமும் அவர்களுக்குச் சாதகமாக அமைந்தது. அமெரிக்காவில் பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு நிறுவனம் தன் முக்கியப் பட்டியலான ஹாட் 100இல் அமெரிக்காவின் யூடியூப் பார்வைகளையும் சேர்த்துக் கணக்கிடத் தொடங்கியது சரியாக அந்தப் பிப்ரவரியில்தான். ரசிகர்கள் எடுத்த காணொளிகளின் பார்வைகளும் கணக்கில் வந்தன. பாட்டு நேராக முதலிடத்தில் நுழைந்து 5 வாரம் அங்கேயே இருந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்தப் பாட்டில் கேட்கும் இரண்டு குரல்களும் பழைய பாடல்களிலிருந்து அனுமதி இல்லாமல் எடுத்தவை. பாட்டு ஹிட்டானதும் அந்தக் குரல்களுக்குச் சொந்தக்காரர்கள் இழப்பீடு கேட்டு வந்து நின்றார்கள். கடன் வாங்கியவரிடம் கடன் வாங்கி ஆடிய ஆட்டம் அது. மில்லருக்குக் கிடைத்தது பார்வையாளர்கள். அப்போதைக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

பிங்க் கய் பாடல்கள் ‘வியர்ட் அல்’ யான்கோவிக் செய்வது மாதிரியான பகடிப் பாடல்களா?

இல்லை. அமெரிக்கப் பகடிப் பாடகரான யான்கோவிக் ஒரு பிரபலமான பாட்டை எடுத்துக்கொண்டு, மெட்டை அப்படியே வைத்து, வார்த்தைகளை மாற்றுவார். மெட்டு தெரிந்தால்தான் ஜோக் புரியும். சட்டப்படி தேவையா இல்லையா என்று பார்க்காமல் மூலக் கலைஞரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் வெளியிடுவது அவர் வழக்கம். 1970களில் தொடங்கியவர், இணையக் காலத்திலும் தாக்குப்பிடித்தார். 2014இல் அவருடைய ஆல்பம், ஆல்பங்களுக்கான பில்போர்டு 200 பட்டியலில் முதலிடத்திலேயே அறிமுகமானது.

பிங்க் கய் பெரும்பாலும் கேலி செய்வது ஒரு பாணியை. ராப் பாட்டு எப்படி ஒலிக்குமோ அப்படி ஒரு தாளம், காதல் பாட்டு எப்படித் தொடங்குமோ அப்படி ஓர் உகுலேலே, அதாவது குட்டி கிட்டார். முதல் சில விநாடிகள் இதமாகப் போகும். அடுத்த வரியில் சாக்கடை திறக்கும். மெட்டு உண்மையிலேயே நன்றாக இருப்பதால்தான் அந்த ஜோக் வேலை செய்கிறது. மோசமான மெட்டில் ஆபாசம் பாடினால் அது வெறும் ஆபாசம். தேன் மாதிரியான மெட்டில் பாடினால் கேட்கிறவருக்கு ஒரு கணம் தடுமாற்றம் வரும், சிரிப்பு அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. பிங்க் கய்யின் பாட்டுகளில் வார்த்தைகளை மறந்துவிட்டு இசையை மட்டும் கேட்டால், பின்னால் வரப்போகும் ஜோஜி அங்கேயே உட்கார்ந்திருப்பது தெரியும். மெதுவான தாளம், மங்கலான கீபோர்டு, சோம்பலாக இழுக்கும் குரல் எல்லாம் அங்கே இருக்கின்றன.

2017 ஜனவரியில் வந்த ‘பிங்க் சீசன்’ ஆல்பம் பில்போர்டு 200இல் முதல் நூறுக்குள் வந்தது. வானொலியில் ஒரு வரிகூட ஒலிபரப்ப முடியாத ஓர் ஆல்பத்துக்கு அது பெரிய விஷயம்.

பகடிப் பாட்டுக்கு அனுமதி தேவையில்லை என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. அமெரிக்காவில் இதற்கு அடிப்படையான தீர்ப்பு 1994இல் வந்தது. பாடகர் ராய் ஆர்பிசனின் ‘ஓ, பிரிட்டி வுமன்’ பாட்டை 2 லைவ் க்ரூ என்ற ராப் குழு கேலி செய்து வெளியிட்டது. உரிமை வைத்திருந்த அக்கஃப்-ரோஸ் நிறுவனம் வழக்குப் போட்டது. பணத்துக்காகச் செய்த பகடி என்ற ஒரே காரணத்தால் அது நியாயமான பயன்பாட்டுக்கு (அனுமதி இல்லாமலே பயன்படுத்தச் சட்டம் தரும் சலுகைக்கு) வெளியே போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஆனால் பகடி என்றால் அது மூலப் பாட்டையே ஓரளவாவது விமர்சிக்க வேண்டும். பிரபலமான மெட்டில் ஏறிச் சவாரி செய்துகொண்டு வேறு எதையோ கேலி செய்தால் இந்தப் பாதுகாப்பு ஆட்டம் காணும். மேலும், நியாயமான பயன்பாடு என்பது வழக்கு வந்த பிறகு நீதிமன்றத்தில் சொல்லும் பதில். வழக்கே வராமல் தடுக்கும் தாயத்து கிடையாது. ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் வேறு என்பதையும் மறக்க வேண்டாம்.

யூடியூபில் நிலைமை இன்னும் கறார். ஒரு சேனல் பதிப்புரிமை மீறலுக்காக மூன்று ‘ஸ்ட்ரைக்’, அதாவது எச்சரிக்கைப் புள்ளி, வாங்கினால் மூடப்படும் நிலைக்குப் போகும். நீங்கள் சரியா தப்பா என்பது பிறகுதான்.

மில்லர் ஏன் இத்தனை சேனல்கள் வைத்திருந்தார்?

இதனால்தான். டிசாஸ்டா மியூசிக் சேனலில் ஸ்ட்ரைக்குகள் சேர்ந்து, எந்த நேரமும் போய்விடலாம் என்ற நிலை வந்தது. 2014இல் அதைக் கைவிட்டு, ஏற்கெனவே வைத்திருந்த ‘டிவி ஃபில்த்தி ஃபிராங்க்’ சேனலை முதன்மையாக்கினார். ‘டூ டேம் ஃபில்த்தி’ என்று இன்னொன்றும் இருந்தது.

தன் அடையாளத்தை ஏன் அவ்வளவு காலம் மறைத்தார்?

காணொளியில் முகம் தெரியும், ஆனால் சொந்த வாழ்க்கையைப் பற்றிப் பேசவே மாட்டார். படிப்பு முடிந்து வேலை தேடும்போது யாராவது பெயரைத் தேடிப் பார்த்தால் என்ன ஆகும் என்ற கவலை அவருக்கு இருந்தது. நியாயமான கவலைதான்; எந்த மனிதவள அதிகாரி அந்தச் சமையல் காணொளிகளைப் பார்த்துவிட்டு நேர்காணலுக்கு அழைப்பார்?

2017இல் ஏன் திடீரென்று நிறுத்தினார்?

2017 டிசம்பர் 29 அன்று ட்விட்டரில் ஓர் அறிக்கை வெளியிட்டார். தொண்டைத் திசு பாதிப்பு உட்படக் கடுமையான உடல்நலச் சிக்கல்கள் இருப்பதாகவும், நிகழ்ச்சியைத் தொடரும் ஆர்வமும் போய்விட்டதாகவும் சொன்னார். நரம்பு சார்ந்த ஒரு கோளாறு இருப்பதை அதற்கு முன்பே சொல்லியிருந்தார்.

ஃபிராங்கின் குரலை ஒரு நிமிடம் போலச் செய்து பாருங்கள், புரியும். அடித்தொண்டையை அழுத்திக் கத்தும் குரல் அது. அதை வருடக்கணக்காக, தாறுமாறான உடல் சாகசங்களோடு சேர்த்துச் செய்தவர் அவர். நாடக நடிகருக்குக் குரல் பயிற்சி உண்டு, சினிமாவில் டூப் உண்டு. படுக்கையறையில் கேமரா வைத்து எடுக்கும் யூடியூபருக்கு இரண்டும் கிடையாது. அந்த வருடம் விளம்பரச் சந்தையும் அவர் போன்றவர்களுக்குச் சாதகமாக இல்லை: தீவிரவாதக் காணொளிகள் பக்கத்தில் தங்கள் விளம்பரம் வந்ததைக் கண்டு பெரிய நிறுவனங்கள் மார்ச்சில் யூடியூபிலிருந்து விலகின, அதன் பிறகு வில்லங்கமான சேனல்களுக்கு விளம்பரம் கிடைப்பது கஷ்டமானது. இருந்தாலும் அவர் சொன்ன காரணம் உடல்நலமும் ஆர்வமின்மையும்தான். அதற்கு மேல் ஊகிக்க வேண்டியதில்லை.

ஜோஜி எப்போது வந்தார்?

ஃபிராங்க் இருக்கும்போதே. 2015 வாக்கில் சவுண்ட்கிளவுட் என்ற இசைப் பகிர்வுத் தளத்தில் வேறு பெயர்களில் சத்தமில்லாமல் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நகைச்சுவை ரசிகர்கள் அங்கேயும் வந்துவிடுவார்கள் என்ற பயம், கண்டுபிடித்தும் விட்டார்கள். பிறகு ஆசியக் கலைஞர்களை முன்னிறுத்தும் 88ரைசிங் நிறுவனத்தோடு சேர்ந்தார். 2017 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் முதல்முறையாக ஜோஜியாக மேடை ஏறினார். நவம்பரில் ‘இன் டங்ஸ்’ என்ற குறு ஆல்பம் வந்தது. அடுத்த மாதமே ஃபிராங்குக்கு விடை கொடுத்தார். வரிசையைப் பாருங்கள்: ஒரு கால் அந்தப் பக்கம் உறுதியாக ஊன்றிய பிறகுதான் இந்தக் காலை எடுத்திருக்கிறார்.

பாடகராக என்ன சாதித்தார்?

2018 அக்டோபரில் வந்த ‘பேலட்ஸ் 1’ பில்போர்டின் ஆர் அண்ட் பி/ஹிப்-ஹாப் ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆசியாவில் பிறந்த கலைஞர் ஒருவருக்கு அந்தப் பட்டியலில் அது முதல்முறை. 2020இல் ‘நெக்டர்’, 2022இல் ‘ஸ்மிதரீன்ஸ்’. 2022 ஜூனில் வந்த ‘கிளிம்ப்ஸ் ஆஃப் அஸ்’ ஹாட் 100இல் 8ஆம் இடம் வரை போனது. பியானோவும் குரலும், கிட்டத்தட்ட வேறெதுவும் இல்லை.

பழைய பைத்தியக்காரத்தனம் முழுதாகப் போய்விட்டதா?

இடம் மாறியிருக்கிறது. ‘ஸ்லோ டான்சிங் இன் தி டார்க்’ காணொளியில் வெள்ளை கோட் சூட் போட்டுக்கொண்டு ராத்திரியில் நகரத்தில் தள்ளாடி நடப்பார். கீழே பார்த்தால் ஆட்டுக்கால். ஃபிராங்க் காணொளியில் அந்தக் கால் சிரிப்பு மூட்டியிருக்கும். இங்கே யாரும் சிரிப்பதில்லை. ‘கிளிம்ப்ஸ் ஆஃப் அஸ்’ காணொளி இன்னும் சுவாரசியம். பாட்டு பழைய காதலியை நினைத்து ஏங்குகிறது. படமோ, கைக்கேமராவில் எடுத்தது மாதிரியான காட்சிகளில், கட்டுப்பாடில்லாமல் திரியும் இளைஞர்களின் அட்டகாசத்தைக் காட்டுகிறது. ஒலியும் படமும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும் அந்த உத்தி, பிங்க் கய்யிடம் பழகியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நகைச்சுவையிலிருந்து இப்படி மாறியவர்கள் வேறு யார்?

டொனால்ட் குளோவர் 2006 வாக்கில் டெரிக் காமெடி என்ற குழுவில் யூடியூப் குறும்படங்கள் செய்தவர். சைல்டிஷ் கம்பினோ என்ற பெயரில் 2018இல் ஹாட் 100 முதலிடம் பிடித்தார். 88ரைசிங்கிலேயே இருக்கும் இந்தோனேசிய ராப் பாடகர் ரிச் பிரையனும் இணைய நகைச்சுவையில் தொடங்கியவர்தான். போ பர்ன்ஹாம் வேறு வகை. 2006இல் 16 வயதில் வீட்டில் உட்கார்ந்து நகைச்சுவைப் பாட்டுகள் பாடிப் போட்டவர், மேடையில் பீதித் தாக்குதல்கள் வந்ததால் 2016க்குப் பிறகு நேரடி நிகழ்ச்சிகளை விட்டார். 2021இல் ஓர் அறைக்குள்ளேயே தனியாக எடுத்த நிகழ்ச்சியோடு திரும்பினார். அவர் நகைச்சுவையை விடவில்லை, மேடையை விட்டார். மில்லர் மேடையை வைத்துக்கொண்டு நகைச்சுவையை விட்டார்.

ஃபில்த்தி ஃபிராங்க் திரும்பி வருவானா?

வரமாட்டான் என்றே நினைக்கிறேன். தொண்டை ஒரு காரணம். பார்வையாளர்கள் வளர்ந்துவிட்டது இன்னொன்று. 14 வயதில் சிரித்தவர்கள் இன்று வேலைக்குப் போகிறார்கள். கச்சேரியில் போய் ‘ஃபிராங்க்!’ என்று கத்துகிறவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளலாம்.

புதிதாகக் கேட்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

‘பேலட்ஸ் 1’ ஆல்பத்தை முழுதாகக் கேளுங்கள். பிடித்தால் ‘நெக்டர்’. பிறகு, வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு ‘பிங்க் சீசன்’. ஃபிராங்க் காணொளிகளை அதற்கும் பிறகு வைத்துக்கொள்ளலாம், பார்க்காமலே விட்டாலும் குற்றமில்லை. சமையல் காணொளி பார்ப்பதென்றால் வெறும் வயிற்றில் பாருங்கள்.